ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட 293318625600: இதற்குச் சரியாக 5040 காரணிகள் இருப்பது தற்செயலா?

வேலந்தாவளம் டீச்சர்:

வணக்கம். கேரள எல்லை ஊரான வேலந்தாவளத்தில் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாள மீடியம், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தோடு வருகிறவர்களும் இரண்டு பேர் உண்டு. நான் காரணி என்று சொன்னால் ஒரு வரிசை அதைக் 'கடகம்' என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளும். பழகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு எதிரே தேங்காய்க் களம். உரித்த காயை எண்ணிப் போடும்போது ஒன்று என்று சொல்லாமல் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் ஆரம்பிப்பார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் எங்கள் வகுப்பு நடக்கும். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: குவியலில் எத்தனை காய் இருந்தால், எத்தனை பேர் வந்து பங்கு கேட்டாலும் மீதி வராது? எத்தனை பேர் வந்தாலும் என்பது நடக்காது, ஆனால் 60 காய் இருந்தால் ஒருவர் முதல் ஆறு பேர் வரை பிரச்சினையில்லை, 2520 இருந்தால் பத்துப் பேர் வரை போகும் என்று போட்டுக் காட்டினேன். அப்புறம் என் மனசு அதிலேயே நின்றுவிட்டது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை என்று தேடிப் படித்தேன். ராமானுஜன் 1915-இல் இவற்றைப் பற்றி லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார், அதில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைப் பட்டியல் போட்டு 6746328388800 வரை கொண்டுபோயிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டிருக்கிறது. அதுதான் 293318625600. நம் கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதைப் பிரித்துப் பார்த்தேன்.

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. வந்தது 5040. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன், ஏனென்றால் 5040-உம் அதே பட்டியலில் இருக்கிற எண். அதற்கு 60 காரணிகள். 60-உம் பட்டியலில் இருக்கிறது, அதற்கு 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. எல்லாமே பட்டியலில் இருக்கிற எண்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் அடுத்தது வருகிறது. ராமானுஜன் எதை விட்டாரோ அதுவே இந்தச் சங்கிலியின் மேல் கண்ணியாக இருக்கிறது.

இது தற்செயலா, இதற்குள் ஏதாவது காரணம் இருக்கிறதா? 5040 காரணிகள் உள்ள இதைவிடச் சின்ன எண் கிடையாது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கையாலேயே காட்ட வழி உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ராமானுஜன் ஒன்றை விட்டுவிட்டார் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சுவரில் அவர் படம் மாட்டியிருக்கிறேன். சொல்லலாமா?


செங்கோட்டை கணக்கு வாத்தியார்:

டீச்சர், முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சொல்லுங்கள். முப்பது வருஷம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், பிள்ளைகள் அவரை இன்னும் நெருக்கமாக நினைப்பார்கள். மெஷின் எதுவும் இல்லாமல், தாளில் போட்டு, பன்னிரண்டு பதின்மூன்று இலக்கம் வரை போன கணக்கு அது. இந்த வேலைக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. போர்க்காலத்துப் பணமுடையில் அந்தக் கட்டுரையின் ஒரு பகுதிதான் அச்சானது, மிச்சம் நிக்கோலா, ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதர்களின் குறிப்புகளோடு 1997-இல்தான் வெளிவந்தது. எண்பது வருஷம் கழித்தும் குறிப்பு எழுத விஷயம் இருந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, அதைப் பிரித்துவிட வேண்டும். ஒன்று, சரியாக 5040 காரணிகள் உள்ள எண்களில் இதுதான் சின்னது என்பது. இன்னொன்று, இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040-ஐ எட்டும் அளவுக்குக்கூடக் காரணிகள் இல்லை என்பது. இரண்டும் ஒன்றில்லை. ஏழு காரணிகள் உள்ள எண்களில் சின்னது 64, ஆனால் அதற்கு முன்னாலேயே 60 வந்து 12 காரணிகளோடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் 64 பட்டியலில் ஏற முடியாது. முதல் விஷயத்தைக் கையாலேயே காட்டலாம், பிள்ளைகளுக்கு அது போதும்.

5040-ஐப் பகா எண்களாக உடையுங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. மொத்தம் எட்டுத் துண்டு, அதற்கு மேல் உடைக்க முடியாது. நாம் தேடுகிற எண்ணில் இருக்கும் ஒவ்வொரு பகா எண்ணும் இந்தத் துண்டுகளில் குறைந்தது ஒன்றையாவது எடுத்துக்கொள்ளும். ஆக, எட்டுப் பகா எண்ணுக்கு மேல் உள்ளே வர இடமே இல்லை. எட்டாவது பகா எண் 19, உங்கள் எண் 19-இல் நிற்பதற்குக் காரணம் இதுதான். இனி பெரிய துண்டைச் சின்னப் பகா எண்ணுக்குக் கொடுக்க வேண்டும். ஏழு போய் 2-இல் உட்கார்ந்து 2⁶ ஆகும், ஐந்து போய் 3⁴ ஆகும், மூன்றுகள் 5²-உம் 7²-உம், மிச்ச இரண்டுகள் 11, 13, 17, 19. மாற்றிக் கொடுத்தால் எண் பெருத்துவிடும், 2-க்கு நாலும் 3-க்கு ஆறும் அடுக்காகக் கொடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மிச்சமிருப்பது ஒரே சந்தேகம். இரண்டு துண்டைப் பெருக்கி ஒட்டி ஒரே பகா எண்ணுக்குக் கொடுத்து 19-ஐ வெளியே தள்ளினால் லாபமா? இரண்டையும் இரண்டையும் ஒட்டி 4 ஆக்கிப் பாருங்கள். அப்போது 2⁶ × 3⁴ × 5³ × 7² × 11² × 13 × 17 வரும். 19 போனது, பதிலுக்கு ஒரு 5-உம் ஒரு 11-உம் வந்தது. 55-ஐக் கொடுத்து 19-ஐ மிச்சம் பிடித்திருக்கிறோம், நஷ்டம். மூன்றையும் இரண்டையும் ஒட்டினால் இன்னும் மோசம், 75 கொடுத்து 19 மிச்சம். ஐந்தோடு இரண்டை ஒட்டினால் 72. ஏழோடு இரண்டை ஒட்டினால் 128. எந்தப் பக்கம் போனாலும் 19-ஐ வைத்திருப்பதுதான் மலிவு. 3, 5, 7 ஆகியவற்றைத் தமக்குள் ஒட்டுவதையும், இரண்டு மூன்று முறை ஒட்டுவதையும் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும்.

இதே செய்முறையை 60-இல் செய்யுங்கள். 5 × 3 × 2 × 2, அதாவது 2⁴ × 3² × 5 × 7, வந்து நிற்பது 5040. 12-இல் செய்தால் 2² × 3 × 5 = 60. உங்கள் சங்கிலி முழுக்க ஒரே கையால் பின்னியது. அந்த அளவில் இது தற்செயல் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். இந்தச் செய்முறை எல்லா எண்ணுக்கும் ஓடாது. 8-ஐ உடைத்தால் 2 × 2 × 2, செய்முறைப்படி 2 × 3 × 5 = 30. ஆனால் 24-க்கும் எட்டுக் காரணிகள் உண்டே. 24 சின்னதுதானே. ஒட்டிப் பார்க்காமல் விட்டால் மாட்டிக்கொள்வோம்.


கம்பம் மெட்டு:

அக்கா, வாத்தியார் ஐயா சொன்ன இரண்டாவது விஷயத்தை நான் பார்த்துவிட்டேன். நான் கொச்சியில் சாஃப்ட்வேர் வேலை, வார இறுதியில் ஊருக்கு வருகிறவன். ஏலக்காய் ஸ்டோரில் அப்பாவுக்கு மூட்டைக் கணக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். ஒவ்வொரு எண்ணாகப் போனால் விடியாது, பகா எண்களின் அடுக்குகள் இறங்கு வரிசையில் இருக்கும் எண்களை மட்டும் எடுத்தால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. 293318625600-க்குக் கீழே அதிகபட்சம் 4800 காரணிகள்தான், அது 240940299600-க்கு. ஆக நம் எண் பட்டியலில் இருக்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. அடுத்து வருவது 321253732800, அதற்கு 5376.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23

முன்னாலும் பின்னாலும் 23 இருக்கிறது, நடுவில் மட்டும் இல்லை. கீழே இருப்பதிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டு ஒரு 3-உம் ஒரு 7-உம் போட்டால் நம் எண். 23 போய் 21 வருகிறது, எண் கொஞ்சம் சிறுக்கிறது. காரணிகள் 16-க்கு 15 என்ற அளவில் குறைகின்றன, அதாவது 5376 போய் 5040. எண் சிறுத்த அளவுக்குக் காரணிகள் குறையவில்லை, அந்த இடுக்கில்தான் இது பட்டியலுக்குள் நுழைகிறது. ஒரு தடவை 23 உள்ளே வந்துவிட்ட பிறகு அது வெளியே போய்த் திரும்ப வரும் என்று கையால் போடுகிறவருக்குத் தோன்றாமல் போயிருக்கலாம், இது என் ஊகம்தான்.

இன்னொன்று, இதை நீங்கள் எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். 6746328388800. அவருடைய பட்டியலின் கடைசி எண் இது! அதாவது 23 இல்லாத வடிவம் விடுபட்டது, அதே எண் 23-ஓடு சேர்ந்து கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு 10080 காரணிகள், 10080-உம் அதே வகை எண்தான். இதைப் பார்த்ததும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபீஸில் ஒரு நண்பரிடம் சொன்னபோது, தொடர் பெருக்கல் போட்டாலே காரணி நிறைய வருமே, இதில் என்ன பெரிசு என்றார். 1 முதல் 15 வரை எல்லாவற்றையும் பெருக்கினால் 1307674368000, நம் எண்ணைப்போல் நாலு மடங்குக்கும் மேல் பெரிசு. காரணிகள் 4032 மட்டும்தான். இரண்டை மட்டும் பதினோரு முறை அடுக்கி வைத்திருக்கிறது, அது வீண் செலவு.

சங்கிலியில் அடுத்த கண்ணியையும் தேடினேன், அதாவது சரியாக 293318625600 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண். வாத்தியார் சொன்ன அதே செய்முறைதான், 2¹⁸ × 3¹⁶ × 5¹² × 7¹⁰ என்று ஆரம்பித்து 61 வரை போகிறது. எழுதினால் 75 இலக்கம்.


களியக்காவிளை:

கணக்கில் நான் பெரிய ஆள் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எங்கள் அப்பா திருவிதாங்கூர் காலத்தில், அதாவது 1956-இல் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன்பு, மலையாளத்தில் கணக்குப் படித்தவர். பகா எண்ணை அவர் 'அபாஜ்ய சங்க்ய' என்பார். பகுக்க முடியாதது என்றுதான் இரண்டு சொல்லுக்கும் அர்த்தம், டீச்சர் இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு வரிசையும் ஒன்றாகிவிடும்.

அப்பா நெல் அளக்கும்போது எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அப்படியென்றால் ஒரு கலத்துக்கு 96 நாழி. நேற்று உட்கார்ந்து எண்ணினேன், 96-க்கு 12 காரணி. 60-க்கும் அதே பன்னிரண்டுதான், அதனால் 96 பட்டியலில் இல்லை. ஒரு நாளைக்கு 60 நாழிகை என்று வைத்தவர்கள் பங்கு போடுவதை நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பையன் கேட்ட தேங்காய்க் கணக்கை இந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை காய் இருந்தால் ஒருவர் முதல் இருபத்திரண்டு பேர் வரை யார் வந்தாலும் மீதி இல்லை. ஐம்பது பேர் வரை பார்த்தால் 23, 29, 31, 37, 41, 43, 46, 47 என்ற எட்டே எட்டு இடத்தில்தான் தடுக்குகிறது. அவனிடம் சொல்லுங்கள்.


வேலந்தாவளம் டீச்சர்:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன், ராமானுஜன் விட்டதையும் சொன்னேன். வாத்தியார் சொன்னபடியே ஆனது. ஒரு பெண் எழுந்து போய் அவர் படத்துக்குக் கீழே நின்று, "எல்லாத்தையும் கையிலேயே போட்டாரா டீச்சரே" என்று கேட்டாள். மலையாள மீடியம் பிள்ளை, ஈரோட்டில் பிறந்தவர் என்பதையே நேற்றுதான் தெரிந்துகொண்டாள்.

தேங்காய் கேட்ட பையன் இருபத்துமூன்றாவது ஆளை விடவில்லை. மீதி எத்தனை காய் என்று தெரிந்தாக வேண்டும் என்றான். கரும்பலகை முழுக்க நீள வகுத்தல் போட்டார்கள், இரண்டு தடவை தப்பு வந்து மூன்றாவது தடவை 17 என்று வந்தது. பலகையை அழிக்க விடவில்லை.

அபாஜ்ய சங்க்ய, பகா எண் இரண்டையும் மேலே எழுதிப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் புளியங்கொட்டையை வைத்து வாத்தியாரின் செய்முறையைச் சின்ன எண்களில் செய்யச் சொன்னேன். 8-இல் அது தவறுவதைக் காட்டியதும், வேறு எங்கே தவறும் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஆறரை மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு, எட்டு மணிக்குப் பெற்றோர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதற்குள் 24-இல் தவறுவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உடைத்தால் 3 × 2 × 2 × 2, செய்முறைப்படி 2² × 3 × 5 × 7 = 420. ஆனால் 360-க்கும் 24 காரணிகள் இருக்கின்றன. ஏன் என்று நான் கேட்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்: "ஏழை எடுத்துட்டு ஒரு ரெண்டும் ஒரு மூணும் போட்டா ஆறுதானே டீச்சரே. அங்கே பத்தொன்பதை எடுத்தா அம்பத்தஞ்சு."